ஹெட்ஃபோனின் முதுகு
(பம்மலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பம்மல் என்னும் இவ்வூர்ப் பெயர் தமிழ்நாட்டார் நாவில் நிலைபெற்றதற்கு முதற்காரணம் நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1891-ஆம் ஆண்டில் நண்பர்களோடு கூடிச் சுகுண விலாச சபையைத் தொடங்கிய அப்பெரியாருடைய ஆரம்ப நாட்களில், ஒலிபெருக்கி என்பது மேடைக்கு வந்திராமையால், நடிகனுடைய வசனம் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் கேட்கவேண்டுமானால் குரலின் வலிவு மட்டும் போதாது. கொட்டகையின் சுவரும் கூரையும் அக்குரலை ஏந்திக்கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கவும் வேண்டியிருந்தது. ஆகவே அக்காலத்து ரசிகன் கேட்டது தனிக்குரல் அன்று. குரலும் கொட்டகையும் கலந்த ஒன்று. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட சாதனமோ, கொட்டகையை அடியோடு நீக்கிவிட்டு, ஒலி பிறக்கும் இடத்தையே காதோரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. அப்படி நீக்கப்பட்ட கொட்டகையின் ஸ்தானத்தில் காதைச் சுற்றி எதை வைப்பது என்பதே, மூடிய ஹெட்ஃபோன் நல்லதா, திறந்த ஹெட்ஃபோன் நல்லதா என்று இளைஞர்கள் இந்நாளில் ஓயாமல் விவாதிக்கும் விவாதத்தின் சாரம்.

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுச் சாமான் கடைக்காரர்கள் முன்னதை ‘க்ளோஸ்டு பேக்’ என்றும், பின்னதை ‘ஓபன் பேக்’ என்றும் சொல்லுகிறார்கள். மூடிய வகையில் காதின்மேல் அமரும் கிண்ணத்தின் வெளிப்புறம் பிளாஸ்டிக்கினாலோ மரத்தினாலோ உலோகத்தினாலோ அடைக்கப்பட்டிருக்கும். திறந்த வகையில் அவ்விடத்தில் கம்பிவலையோ துளைகளோ இருக்கும். காதின் துவாரத்துக்குள் செருகிக்கொள்ளும் இயர்ஃபோன்களை இன்றைய பேச்சில் விலக்கிவிடுகிறேன். அவற்றின் சுபாவம் வேறு.

தொடக்கத்தில் ஹெட்ஃபோன் சங்கீதத்துக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவில் உட்டா மாநிலத்து நதானியல் பால்ட்வின் 1910-ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சமையலறையிலே செய்து கடற்படைக்கு விற்ற ஹெட்ஃபோன்கள், கப்பலின் இரைச்சலுக்கிடையே கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஓசையைப் பிரித்தறிவதற்குப் பயன்பட்டவை. நம் சென்னையில் 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பின் மூலம் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமுடையால் அது நின்றுபோய், 1930-இல் சென்னைக் கார்ப்பரேஷன் அப்பணியை ஏற்றுக்கொண்ட அந்த ஆரம்ப காலத்திலே, கிரிஸ்டல் செட் என்னும் எளிய ரேடியோவை வைத்திருந்தவர்கள் ஹெட்ஃபோன் இல்லாமல் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. அந்தச் செட்டுக்கு ஒலிபெருக்கியை இயக்கும் சக்தி கிடையாது. வீட்டில் நால்வர் கேட்கவேண்டும், ஹெட்ஃபோனோ ஒன்று என்று வந்தபோது, அதை ஒரு கிண்ணத்துக்குள் வைத்துச் சுற்றி உட்கார்ந்து கேட்பது பல தேசங்களிலும் வழக்கமாக இருந்தது. கிண்ணம் ஒலியைச் சற்றுப் பெருக்கிக் கொடுத்தது; கொடுக்கும்போதே தன் குணத்தையும் அதில் கலந்துவிட்டது. இந்தக் கிண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய ஹெட்ஃபோனுடைய நன்மை தீமை இரண்டும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

ஹெட்ஃபோனுக்குள் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. அதில் ஒட்டிய நுண்ணிய கம்பிச்சுருள். சுருளைச் சூழ்ந்த காந்தம். மின்னோட்டம் மாறிமாறிப் பாயச் சுருள் அசைகிறது, சவ்வும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இது யாவரும் அறிந்ததே. பலர் எண்ணிப் பாராத செய்தி யாதெனில், சவ்வு முன்புறத்தில் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறத்தில் காற்றை உள்ளிழுக்கிறது என்பதும், அதனால் காதுக்குப் போகும் ஒலிக்கு நேர் எதிரானதும் வலிவில் அதற்குக் குறையாததுமான இன்னோர் ஒலி முதுகுப்புறத்தில் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கிறது என்பதும் ஆகும். இந்தப் பின்னொலியை என்ன செய்வது? அறைக்குள் அடைத்துவைக்கலாம்; அல்லது வெளியே விட்டுவிடலாம். இவ்விரண்டு யுக்திகளுக்கு மேல் மூன்றாவது கிடையாது. பாதி அடைத்துப் பாதி விடுவதும் இவற்றின் கலப்பேயன்றித் தனி வழி அன்று.

அடைத்துவைத்தால் நேர்வதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். கிண்ணத்தின் உள் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர் என்று கொள்வோம். நம்மூர் வெப்பத்தில் காற்றிலே ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். சவ்வுக்கும் பின்சுவருக்கும் இடையே போய் மோதித் திரும்பும் அலை தன் மேலேயே வந்து பொருந்தி நிலைகொள்வதற்கு உரிய அதிர்வெண், அந்தக் கணக்கின்படி 5000 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் கிண்ணம் தானே ஒலிக்கத் தலைப்படும். சவ்வு மிக மெல்லியதாகையால், திரும்பிவரும் ஒலி அதை ஊடுருவிக் காதுக்கு வந்துசேரும். பஞ்சையும் கம்பளியையும் உள்ளே அடைத்து இதைத் தணிக்கிறார்கள், தணியுமேயன்றி அற்றுப்போகாது.

5000 ஹெர்ட்ஸ் என்பது என்ன ஸ்வரம், அதைப் பற்றி நாம் ஏன் கவலைப்படவேண்டும் என்று கேட்பீர்கள். பாடகருடைய ஆதார சுருதி அவ்வளவு உயரத்தில் இல்லைதான். ஆனால் தம்புராவை எண்ணிப் பாருங்கள். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் ஜீவாளி என்னும் நூலைச் செருகி, அதை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தி, ஓரிடத்தில் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுகிறார்களே, அந்த ரீங்காரம் முழுவதும் ஆதார சுருதியோடு உடன் எழும் உயர்ந்த ஒலிகளின் கூட்டம். திருச்சிராப்பள்ளியிலே பிறந்த நம் சி. வி. ராமன், கல்கத்தாவிலிருந்து ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1921-இல், வீணை தம்புரா ஆகியவற்றின் குதிரை அமைப்பினால், மேல்நாட்டு விதிப்படி எழக்கூடாத ஒலிகளும் அவற்றில் எழுகின்றன என்று எழுதினார். தம்புராவின் உயிர் அந்த உயர்ந்த ஒலிகளிலே இருக்கிறது; மூடிய கிண்ணத்தின் சேஷ்டையும் ஏறத்தாழ அந்த எல்லையிலேயே நிகழ்கிறது. ஆகையால் ஹெட்ஃபோனைச் சோதிக்க விரும்புவோர்க்கு நான் கூறும் முதல் உபாயம், துந்துபி முழங்கும் சினிமாப் பாட்டை விட்டுவிட்டு, வித்துவான் ஆலாபனையைத் தொடங்குமுன் தம்புரா தனித்து ஒலிக்கும் அந்தச் சில விநாடிகளைக் கேளுங்கள் என்பதே. நல்ல திறந்த ஹெட்ஃபோனில் நான்கு தந்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து ஒன்றில் ஒன்று கரைவது தெரியும். நடுத்தரமான மூடிய ஹெட்ஃபோனில் அந்த ரீங்காரத்தின் ஒரு பகுதிமட்டும் எடுப்பாக நின்று, சற்றுத் தகரத்தன்மையோடு, ஒரே இடத்தில் உறைந்துவிட்டது போலிருக்கும்.

இந்தக் குறையைப் போக்கும் வழி நெடுங்காலம் வழக்கத்துக்கு வரவில்லை. பெர்லினில் ஆய்கென் பையர் 1937-இல் வெளியிட்ட டிடி 48-உம், மில்வாக்கி நகரத்து ஜாஸ் இசைஞர் ஜான் காஸ் 1958-இல் ஸ்டீரியோ இசைக்கென்றே செய்த எஸ்பி/3-உம் மூடியவையே. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனத்தார் எச்டி 414 என்பதை வெளியிட்டு, முதுகைத் திறந்துவிட்டு, காதின்மேல் கடற்பஞ்சு போன்ற மஞ்சள் மெத்தையை வைத்தபோதுதான் பின்னொலிக்கு விடுதலை கிடைத்தது. எடை குறைந்தது, காது புழுங்குவது நின்றது, இசையோ காதை அழுத்தாமல் காற்றில் மிதப்பது போலாயிற்று. 1979-இல் சோனியின் வாக்மேனோடு வந்த சிறு ஹெட்ஃபோன்களும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவைதாம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் அதைக் கொண்டுவந்து, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் மாட்டிக்கொண்டு அமர்ந்தபோது, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தாளம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

திறந்த வகைக்கும் தண்டனை உண்டு. தாழ்ந்த அதிர்வெண்களில் முன்னொலியும் பின்னொலியும் ஓரளவு ஒன்றையொன்று சந்தித்து அழித்துக்கொள்வதால், பெரும்பாலான திறந்த ஹெட்ஃபோன்களில் ஐம்பது அறுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துவிடுகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். உறுமியின் அடிவயிற்று முனகலும் தாழ்ந்த இடத்தது. இவற்றின் கனம் திறந்த வகையில் குன்றும். பிளானர் என்னும் தட்டையான சவ்வுடையவை இதற்கு விலக்கு. அவற்றின் விலையும் விலக்கானதே. மூடிய வகையிலோ, மெத்தை தலையோடு இடைவெளியின்றிப் பொருந்துமானால், செவிக்கும் சவ்வுக்கும் இடைப்பட்ட காற்று ஒரே பொதியாக அழுந்தி விரிவதால், மிகத் தாழ்ந்த ஒலிகளும் குறையாமல் கேட்கும். பொருந்துமானால் என்றேன்; அந்த நிபந்தனை சாமான்யமானதன்று. மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தைக்கடியில் ஒரு சிறு இடைவெளியை உண்டாக்கினாலே போதும், மிருதங்கத் தொப்பியின் கும்கி என்னும் தாழ்ந்த நாதம் வற்றிப்போகும். ஜிமிக்கியும், கனத்த பின்னலில் செருகிய மல்லிகைச்சரமும், அதே துரோகத்தைச் செய்யும். விலையுயர்ந்த மூடிய ஹெட்ஃபோனை வாங்கி, பேஸ் இல்லை என்று குறை கூறும் பலருக்கு, குறை காதுக்கும் கருவிக்கும் இடையில் இருக்கிறது.

திறந்த வகையைப் பற்றிப் புகழ்ச்சியாக வழங்கும் இன்னொரு வார்த்தை, அதில் கேட்டால் கச்சேரி மேடை கண்முன் விரிகிறது என்பது. இதில் உண்மை பாதிதான். எதிரில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கும்போது இடப்புறத்து ஒலி வலக்காதுக்கும் வந்துசேர்கிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைந்த தாமதத்தோடு. அந்தத் தாமதத்தையும், காதுமடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் மாறுதலையும் கொண்டே, ஓசை எத்திசையிலிருந்து வருகிறதென்று மனம் அறிகிறது. எந்த ஹெட்ஃபோனை மாட்டினாலும் இடது இடதுக்கே, வலது வலதுக்கே. ஆகவே வயலின் ஒரு காதோரத்திலும் மிருதங்கம் மற்றொரு காதோரத்திலும், வாய்ப்பாட்டு நடு மண்டைக்குள்ளும் நிகழ்வதை முதுகைத் திறப்பதனால் மாற்றிவிட முடியாது. எனினும் அறையின் காற்றும் சிற்றோசையும் உள்ளே வந்துபோவதாலும், கிண்ணத்தின் எதிரொலி இல்லாமையாலும், அடைபட்ட உணர்ச்சி நீங்குகிறது. நீங்கியவுடன் மனம் தானே ஒரு மேடையைக் கட்டிக்கொள்கிறது. இது ரசிகனுடைய கற்பனைக்குக் கிடைத்த சௌகரியமே தவிர, கருவி மேடையை அமைத்துவிடவில்லை.

இவ்விரண்டையும் தெரிந்து பயன்படுத்துகிறவர்கள் கோடம்பாக்கம், வடபழனி ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கிறார்கள். முற்காலத்தில் வாத்தியகோஷ்டி முழுவதும் பாடகரும் ஒரே கூடத்தில் நின்று ஒருசேரப் பதிவு செய்தார்கள். இப்போது பாடகர் தனிச் சிற்றறையில் நின்று, முன்பே பதிவான வாத்தியங்களை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுகிறார். அங்கே அவர் அணிவது மூடிய வகை. திறந்ததை அணிந்தால் தாளம் வெளியே கசிந்து, வாய்க்கெதிரே உள்ள மைக்கில் ஏறி, குரலோடு பிரிக்கமுடியாதபடி பதிந்துவிடும். பாடகர்கள் பலர் ஒரு பக்கத்துக் கிண்ணத்தைக் காதிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொள்வதையும் நீங்கள் படங்களில் பார்த்திருக்கலாம். இரண்டு காதுகளையும் பொத்தினால் தன் குரலே தனக்குள் கும்மென்று பெருகி, சுருதியின் நுட்பம் பிடிபடாமல் போகும். அதற்குத் தற்காப்பு அது. பாட்டு முடிந்து, குரலையும் வாத்தியங்களையும் அளவுபார்த்துக் கலக்கும் வேலை வரும்போது, அமைதியான அறையில் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் பெரும்பாலும் ஒலிபெருக்கிகளையும், அவற்றோடு திறந்த ஹெட்ஃபோனையும் நம்புகிறார். அவருடைய தீர்ப்பு திறந்த வகைக்குச் சாதகமானது என்பதில் ஐயமில்லை. என் தீர்ப்பும் அதுவே: ஒலியின் தூய்மை ஒன்றையே அளவாகக் கொண்டால் திறந்த வகைதான் உயர்ந்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பிலே ‘அமைதியான அறை’ என்னும் சொற்களைப் பலரும் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தின் அறை பணம் செலவழித்துச் செய்த அமைதி. குளிர்நாட்டு ரசிகனுடைய அறை, ஆண்டில் பல மாதங்கள் ஜன்னலைச் சாத்தியே வைப்பதனால் தானாக வாய்த்த அமைதி. பம்மலிலே நமக்கு வாய்ப்பது எது?

மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுபாதையின் மேற்குக்கோடி நம் ஊரை நோக்கியிருக்கிறது. ஆகாயவிமானம் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். ஆகவே கீழ்க்காற்றுக் காலத்தில் இறங்குகிறவையும், மேல்காற்றுக் காலத்தில் எழும்புகிறவையும் நம் மொட்டைமாடிகளின் வழியே போவதால், எந்தப் பருவத்திலும் நமக்குக் குறைவில்லை. பல்லாவரம்–குன்றத்தூர் சாலையில் பஸ்ஸும் லாரியும் இரவு வெகுநேரம் வரையில் ஓடுகின்றன. கோடையில் தண்ணீர் லாரி. ஆடியிலே அம்மன் கோயில் ஒலிபெருக்கி. மார்கழி விடியலில் திருப்பாவை. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. ஊர் என்றால் ஓசை இருக்கும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் மேல் எல்லை என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்திருக்கின்றன. அந்த எல்லைக்குள்ளேயே நின்றாலும், தம்புராவின் கடைசி இழையும், பாடகர் மூச்சை இழுத்து நிறுத்தும் இடமும் அதற்குக் கீழே போய்விடும். திறந்த ஹெட்ஃபோனுடைய சிறப்பெல்லாம் எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தையே ஊரின் ஓசை முதலில் விழுங்குகிறது.

இவற்றையெல்லாம்விடக் கொடியது வீட்டுக்குள்ளேயே சுழலும் மின்விசிறி. ஹெட்ஃபோன்களை மதிப்பிட்டு எழுதும் வெளிநாட்டார் ஒருவராவது இதைக் குறிப்பிட்டு நான் படித்ததில்லை. சித்திரை மாதத்து இரவில் விசிறியை நிறுத்திவிட்டால், திறந்த ஹெட்ஃபோனில் இசை தெளிவாக இருக்கும். கேட்கிறவருடைய சட்டை கால்மணி நேரத்தில் நனைந்துவிடும். விசிறியை ஓடவிட்டால், இறக்கைகள் காற்றை அறுக்கும் ‘உஸ்’ என்னும் ஓசை வலையின் வழியே தாராளமாக நுழைந்து, தம்புராவின்மேல் சன்னமான திரையைப் போர்த்திவிடும். மூடிய வகையை எடுத்துக்கொண்டால், விசிறியின் உயர்ந்த ஓசைகள் பெரிதும் தடுக்கப்படும். ஆனால் செயற்கைத் தோல் மெத்தைக்குள் காது வேர்த்து, அரைமணிக்கொருமுறை கழற்றித் துடைக்கவேண்டிவரும். திறந்த வகையில் உடம்பு வேர்க்கிறது, மூடிய வகையில் காது வேர்க்கிறது: குளிர்சாதனம் இல்லாத வீட்டில் இதற்குமேல் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமில்லை. குளிர்சாதனம் உள்ள வீட்டிலோ, அதன் முனகல் வேறு.

மூடிய கிண்ணம் தடுப்பதெல்லாம் பெரும்பாலும் உயர்ந்த ஓசைகளையே. விமானத்தின் அடித்தொண்டை உறுமலும், லாரியின் அதிர்வும் அதை ஊடுருவி வந்துவிடும். வங்காளத்திலிருந்து குடியேறிய ஒரு தேசபக்தருக்கு அமெரிக்காவிலே பிறந்த அமர் போஸ், 1978-இல் சூரிச்சிலிருந்து திரும்பிய விமானப் பிரயாணத்தில் இதை அனுபவித்து, வெளி ஓசையை மைக்கினால் பிடித்து அதற்கு நேர் எதிரான ஓசையை உண்டாக்கி அழிக்கும் முறையைப் பற்றிக் கணக்குப் போடத் தொடங்கினார். அம்முறையில் விமானிகளுக்காகச் செய்த ஹெட்ஃபோன் 1989-இல் விற்பனைக்கு வந்தது. தாழ்ந்த ஓசைகளை அது நன்றாகவே அடக்குகிறது. இசையின் தூய்மைக்கு அது ஒன்றும் சேர்ப்பதில்லை. ஆயினும் நம் ஊரில் அதை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஓர் அபாயத்தையும் சொல்லியாகவேண்டும். திறந்த ஹெட்ஃபோனை இரைச்சலில் அணிந்தவர், இரைச்சலை வெல்வதற்காகத் தம்மையறியாமல் ஒலியை ஏற்றிக்கொண்டே போவார். உலக சுகாதார நிறுவனம், 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபலானால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் என்றும் சொல்லுகிறது. பத்து டெசிபல் ஏற்றுவதற்குக் கட்டைவிரலின் இரண்டு மூன்று அசைவு போதும், நாற்பது நான்காகிவிடும். தூய்மையை நாடிச் சென்றவர் செவியை இழப்பது எந்த ரசனையிலும் சேராது. பஸ்ஸிலும் ரயிலிலும், பகல்வேளையில் சாலையோர வீட்டிலும் மூடிய வகையே தகுதியானது என்று நான் தயங்காமல் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். அங்கே அதன் கிண்ணக்குறை உங்கள் காதுக்குத் தெரியப்போவதுமில்லை.

அப்படியானால் பம்மலில் திறந்த ஹெட்ஃபோனுக்கு வேலையே இல்லையா? உண்டு. நள்ளிரவுக்குப் பின் விடியலுக்கு முன், சாலை ஓய்ந்த பொழுதில், தை மாசியின் இளங்குளிரில், விசிறி தேவைப்படாத சில வாரங்களுக்கு, அது தன் முழுச் சொரூபத்தையும் காட்டும். அந்த வேளையிலும் பக்கத்தில் படுத்திருப்பவரை எண்ணவேண்டும். நாம் கேட்கும் தனி ஆவர்த்தனத்தின் பாதி அவருக்கும் கேட்கும். ஒற்றை அறை வீட்டில் வாழ்கிறவருக்கு, ஒலித்தரம் எத்தனை உயர்ந்ததாயினும், அந்த வகை உரியதன்று.

விலையைப் பற்றியும் கேட்பீர்கள். ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒலியின் சமநிலைக்கும் விலைக்கும் சம்பந்தம் காணப்படவில்லை. ஆகவே கடையில் விலைச்சீட்டைப் பார்த்துத் தரத்தை அனுமானிக்கவேண்டாம். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களோடு குவிந்துகிடக்கும் ஹெட்ஃபோன்களிலும் நல்லவை சில அகப்படும். ஆனால் அவற்றின் மெத்தை நம்மூர் வேர்வையில் உரிந்து கறுப்புச் செதில்களாகக் காதில் ஒட்டும். மெத்தை போனால் மூடிய வகையின் பேஸும் போயிற்று. புதிய மெத்தைக்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

மேசையின்மேல் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் வரிசையாக வந்து கேட்கலாம். இரண்டிலும் ஒரே ஆலாபனை, ஒரே அளவு ஒலி. கண்ணாடி அணிந்தவர்கள் மூடியதை முதலில் கண்ணாடியோடும், பிறகு அதைக் கழற்றிவிட்டும் கேளுங்கள். மேலே உள்ள விசிறியை இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் திறந்ததைக் கேட்டுவிடவேண்டும்.